இடது சீட்டின் அளவு

இடது சீட்டில் யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது.

காலையில்தான் அவள் தன் கையால் அதைத் துடைத்திருந்தாள். ஷெட்டில் படிகிற தூசியெல்லாம் அவள் கணவர் இழுத்துவிடுவது என்றாலும் துடைப்பது என்னவோ அவள் வேலைதான். துடைத்தபோது சீட் அங்கங்கே வெடித்துக் கிடந்ததே தவிர, மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருந்தது. இப்போது மதியம் இரண்டு மணி. கத்தரிக்கோலுக்கு விட எண்ணெய் தேடி வந்தவள் காரின் கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள். முதுகு சாய்கிற இடத்தில் ஒரு குழிவு, இடுப்பு அழுந்துகிற இடத்தில் இன்னொன்று. கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். ஷெட்டில் அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவள் தையற்காரி. வீட்டின் பக்கத்து அறையில் மெஷினைப் போட்டுப் பதினொரு வருடமாகத் தைக்கிறாள். அந்த அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. ஓர் உடம்பைப் பார்த்தால் தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று டேப் இல்லாமலே சொல்லிவிடுவாள். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் அவள் கேட்காமலே மனசு அளவெடுத்துவிட்டது. சின்னத் தோள். ஒடுங்கின இடுப்பு. பெண்தான்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. யாருடி நீ என்றுதான் முதலில் தோன்றியது.

கார் வந்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்த, மூக்கு நீண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். புதிதாக வந்த காலத்திலேயே அது மலிவான ரகம்தான். வேகத்தைவிடச் சத்தம் அதிகம். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகி, கதவடியெல்லாம் துரு அரித்துச் சல்லடையாகி, லாரியில் ஏறி வந்து இறங்கியது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் ஊரை மேலேயும் கீழேயும் அனுப்பிக்கொண்டிருக்கிற மனிதருக்கு, நேராகப் போகிற வண்டி ஒன்று வேண்டுமென்று சின்ன வயதிலிருந்தே ஆசையாம். பதினொரு வருடத்தில் அவளிடம் ஒரு தடவைகூட வாய் திறந்து சொல்லாத ஆசை.

வாங்கப் போனபோது அவளும் கூடப் போயிருந்தாள். விற்றவர் வயதானவர். பானெட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மனைவி வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றுகொண்டாள். கார் லாரியில் ஏறுகிறவரை பக்கத்திலேயே வரவில்லை.

"எனக்கு விக்க மனசே இல்ல தம்பி. இவதான் வித்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா," என்றார் பெரியவர். "முன்னெல்லாம் இவளுக்கு இந்த வண்டின்னா உசுரு. சீட்டுக்கு உறைகூட இவளே உக்காந்து தச்சா. அப்புறம் என்னமோ, ஒருநாள்லேர்ந்து ஆகாமப் போச்சு."

அந்த அம்மாள் போட்டிருந்த சட்டைதான் அவள் கண்ணை உறுத்தியது. தையல் அத்தனை சுத்தம், கை தேர்ந்தவள் தைத்தது. ஆனால் அந்த உடம்புக்கு வெட்டினது அல்ல. தோளில் இறுக்கிப் பிடித்து, அக்குளில் தையல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தனக்கே இப்படியா ஒருத்தி தைத்துக்கொள்வாள்? வயசானால் உடம்பு போடத்தானே செய்யும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டாள்.

வண்டி வந்த மறுநாளே அவர் எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி மேசைமேல் வைத்தார். துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மறுபடியும் பூசினார். பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாட்டினார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வந்தது. அவளுடைய மிக்சி மட்டும் ஒன்றரை மாதமாக ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

நாலு மணிக்கு வேலையிலிருந்து வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். முன்பெல்லாம் நேராகத் தையல் அறைக்கு வந்து, அவள் தலைமுடியில் ஒட்டியிருக்கிற நூல்பிசிறை ஊதிவிடுவார். "இன்னிக்கு எத்தன கை, எத்தன கழுத்து?" என்பார். இப்போது அந்த வாய் கார்புரேட்டரின் சின்னத் துளைகளை ஊதிக்கொண்டிருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. அதற்கு அவர் வைத்த பேரைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சிட்டு. கல்யாணமான புதிதில் அவளைக் கூப்பிட்ட பேர் அது. எப்போது நிறுத்தினார் என்று அவளுக்கே ஞாபகமில்லை. இப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சிட்டு, கொஞ்சம் பொறுத்துக்கடி, இந்த நட்டு ஒண்ணுதான்," என்று கேட்கும்போது மெஷினின் ஊசி அவள் விரலுக்குள்ளேயே இறங்குவது மாதிரி இருந்தது.

தங்கச்சியிடம் போனில் சொன்னதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஊர்ல எல்லாரும் சின்ன வீடு வப்பாங்க. மாமா சின்ன வண்டி வச்சிருக்காரு. விடுக்கா."

"உனக்கு வெளையாட்டா இருக்கு."

"பின்ன? அது என்ன ராத்திரி வீட்டுக்குள்ளயா வந்து படுக்கப்போவுது?"

அவளும் சிரித்து வைத்தாள். போனை வைத்த பிறகு அந்த வார்த்தை மட்டும் காதிலேயே நின்றது.

பள்ளம் அன்றோடு போகவில்லை. தினமும் காலையில் உள்ளங்கையால் சமமாக்கிவிட்டு வருவாள். மதியம் போனால் இருக்கும். உள்கண்ணாடி எப்போதும் இடது சீட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அவள் நேராக்குவாள், மறுநாள் மறுபடியும் திரும்பியிருக்கும். ஷெட்டில் பெட்ரோலும் பெயின்டும் வெல்டிங்கில் தீய்ந்த இரும்பும் நாறும். அந்தச் சீட்டுப் பக்கம் குனிந்தால் மட்டும் வேறொரு வாசனை. மெல்லிசான எண்ணெய், அதற்கு மேலே சாக்பீஸ் பொடி. அவளுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். அவள் கையிலும் புடைவைத் தலைப்பிலும் தலையணையிலும் இருக்கிற வாசனை. தையற்காரியின் வாசனை.

இன்னொரு தையற்காரி. அவளுக்கு அது பொறுக்கவே இல்லை. நீளமாக ஒரு முடி, ஒரு ஹேர்பின், ஏதாவது கிடைக்குமா என்று சீட்டின் இடுக்கிலெல்லாம் விரலை விட்டுத் தேடினாள். கண்ணாடித் தலை வைத்த குண்டூசி ஒன்று விரலில் ஏறியது. நீலத் தலை. அவள் வாங்குகிற குண்டூசிகள் எல்லாம் வெள்ளைத் தலை.

சாயங்காலம் அதை அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்த வண்டியில யார ஏத்துனீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூக்கில் கிரீஸ். "எஞ்சினே மேச மேல கெடக்கு. இதுல யார ஏத்திக்கிட்டு எங்கம்மா போறது?"

"போகணும்னு இல்ல. உக்காந்தாலே போதும்."

"யாரு உக்காந்தா?"

"அதத்தான் நான் கேக்கறேன்."

அவர் சிரித்தார். நல்ல மனிதருடைய சிரிப்புதான். "வேல முடியட்டும். மொத சவாரி நீதான். அதுவரைக்கும் நீகூட உக்காரக் கூடாது, ஆமா." பரிசைப் பொட்டலம் பிரிக்காமல் வைத்திருக்கும் சந்தோஷத்தில் சொன்னார். அவளுக்கு அது வேறு மாதிரி கேட்டது. நான் உட்காரக் கூடாது. அவள் மட்டும் தினமும் உட்காரலாம்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள், விளக்குப் போடுகிற நேரம். அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தம், அவர் முனகுகிற சத்தம், "இரு, இரு, அவசரப்படாத," என்று கொஞ்சுகிற சத்தம். பிறகு ஓர் இடைவெளி. யாரோ பதில் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு அவர் சிரித்தார்.

அவள் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மெல்ல, ரெக்சின்மேல் துணி உரசுகிற சத்தம். சரசரவென்று. சீட்டில் ஒருத்தி வசதியாகச் சாய்ந்துகொள்கிற சத்தம்.

கதவைத் தள்ளித் திறந்தாள். அவர் காருக்கு அடியில் கிடந்தார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"யாரோட பேசுனீங்க?"

"சிட்டோட," என்றது காருக்கடியிலிருந்து குரல்.

உள்கண்ணாடி இடது சீட்டைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கதவில் நிற்கிற அவளை. அவள் அதற்குள் பார்த்தபோது தன் முகத்தைத்தான் பார்த்தாள், ஆனாலும் கொஞ்ச நேரம் முன்பு வரை அதில் வேறு யாரோ இருந்தது போல ஒரு கூச்சம் முதுகில் ஏறியது. இந்தத் தடவை பயந்துதான் போனாள். வேறு யாராக இருந்தாலும் அதோடு ஷெட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கமாட்டார்கள். ஆனால் அவள் விலகிப்போனால் அவரும் அந்தச் சீட்டும் தனியாக இருப்பார்கள். அந்த நினைப்புக்குப் பயம் எவ்வளவோ மேல்.

எஞ்சின் உள்ளே ஏறியது. பெயின்ட் அடித்து முடிந்தது. நல்ல ரத்தச் சிவப்பு. அப்புறம் ஒருநாள் அவர் இரண்டு சீட்டையும் கழற்றிக்கொண்டு வந்து தையல் அறையில் வைத்தார். கூடவே கறுப்பு ரெக்சின் ஒரு சுருள்.

"கடைல குடுக்க மனசில்ல. உன் கை மாதிரி வராது."

இத்தனை மாதத்தில் அவர் அவளிடம் கேட்ட ஒரே உதவி. உச்சி குளிர்ந்துபோயிற்று அவளுக்கு.

ஓட்டுகிறவர் சீட் ஒரே நாளில் முடிந்தது. பழைய உறையைத் தையலோடு பிரித்து, அந்தத் துண்டுகளையே மாதிரியாக வைத்து வெட்டி, தைத்து, மாட்டிவிட்டாள். இடது சீட் அப்படி இல்லை. டேப் வைக்கும்போதெல்லாம் வேறு அளவு காட்டியது. காலையில் முதுகு இருபத்திரண்டு, காப்பி குடித்துவிட்டு வந்தால் இருபத்தொன்றரை. உள்ளே ஏதோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வது போல. சலித்துப்போய் பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

கடையில் தைத்த உறை அல்ல அது. பெரியவரின் மனைவி தைத்தது. சட்டைக்கு விடுவதுபோல உள்ளே தாராளமாகத் துணி விட்டு, முனைகளை மடித்து, பொறுமையாகத் தைத்திருந்தாள். முதுகுப் பக்கத்தைப் புரட்டியபோது உள்ளே ஒரு வெள்ளைத் துணிப்பட்டி நாலு பக்கமும் நுணுக்கிப் பொருத்தித் தைக்கப்பட்டிருந்தது. அதில் மசியால் எழுதிய எண்கள். தோள் பதிமூன்று. மார்பு முப்பத்தொன்று. இடுப்பு இருபத்தாறு. கை நீளம். கழுத்துச் சுற்று.

சீட்டுக்கு எதற்குக் கழுத்து?

அவள் அந்தப் பட்டியை மடியில் விரித்து ஒவ்வோர் எண்ணாக மறுபடியும் படித்தாள். தெருவில் பார்த்த அந்த அம்மாள் போட்டிருந்த சட்டையின் அளவு இது, நன்றாகத் தெரிந்தது. அந்தச் சட்டை. அந்த அம்மாளின் அளவு அல்ல. அந்த அம்மாளுக்குத் தோள் பதினைந்துக்குக் குறையாது. வயசானால் தோள் எலும்பு வளருமா என்று ஒரு கேள்வி வந்து நின்றது. அவள் அதற்குப் பதில் தேடவில்லை. தினமும் மதியம் அந்தப் பள்ளத்தில் தன் கண் எடுத்த அளவும் இதுதான் என்பது அதற்குள் புரிந்துவிட்டது. அதன் பிறகு வேறெதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை.

சக்களத்தி. உன் அளவை எழுதிப் பத்திரமாகத் தைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?

பிளேடால் அந்தப் பட்டியை வெட்டி எடுத்தாள். கடைசித் தையல் அறுந்ததும் நுரைக்குள்ளிருந்து நீளமாகக் காற்று வெளியேறியது. ரொம்ப நாள் அழுந்திக் கிடந்தது மெல்ல மெல்ல உப்பி, பள்ளம் மறைந்து, சீட் சமமாயிற்று. சாக்பீஸ் வாசனை அறை முழுக்கப் பரவி, கதவு வழியாக வீட்டுக்குள் போயிற்று. வெட்டிய பட்டிக்கு அடியில் இன்னொன்று இருந்தது, மசி மங்கி, விளிம்பெல்லாம் கிழிந்து. தோள் பதினைந்து. அதற்கும் அடியில் இன்னொரு பட்டியின் நூல்பிசிறு. அவள் எல்லாவற்றையும் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டாள். எத்தனை பேருடி.

தையற்காரி தன் முதுகைத் தானே அளக்க முடியாது. அன்று சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தாள்.

"புதுச் சட்டையா?"

"ஆமா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தோளுக்குத் தோள் டேப்பை வைத்தார். எத்தனையோ வாரம் கழித்து அந்த விரல் அவள் கழுத்தில் பட்டது. கிரீஸ் வாசனைகூட நன்றாக இருந்தது.

"பதினாலரை," என்றார். "கழுத்துமா?"

"கழுத்தும்."

எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணிப்பட்டியில் எழுதினாள். அவள் எழுதி வைத்திருந்தாள் என்றால் நானும் வைப்பேன். உடம்புக்குத் தைக்கிறபோது அளவுக்கு மேல் இரண்டு இஞ்சாவது விட வேண்டும். இல்லாவிட்டால் கை தூக்க முடியாது, மூச்சு விட முடியாது. புதிதாகத் தொழில் பழகுகிறவர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அவள் ஒரு நூல் அளவுகூட விடவில்லை. தன் தோள், தன் முதுகு, தன் இடுப்பு, அவ்வளவுதான். வேறு எவள் வந்து உட்கார்ந்தாலும் அது ஒட்டக் கூடாது. பட்டியை உள்ளே வைத்து இரட்டைத் தையல் போட்டு மூடினாள். பதினொரு வருடத்தில் இத்தனை அழகாக அவள் எதையும் தைத்ததில்லை.

அதன் பிறகு நாலு நாள் ஷெட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. கண்ணாடி வைத்த இடத்தில் நின்றது. அவர் பேசினால் இடைவெளி விடாமல் தனக்குத்தானே பேசிக்கொண்டார். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

வீட்டுக்குள்தான் சின்னச் சின்னதாக ஏதோ பிசகியது. கொடியில் காயப்போட்டிருந்த நீலப் பூப்போட்ட சட்டையைக் காணோம். டேப்பை மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனால் ஆணியில் தொங்கியது. குழம்பைத் தாளித்து இறக்கிவிட்டு ஒரு மணிநேரம் கழித்துத் தையல் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது. நான் உட்கார்ந்த சூடுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கார் தயாராயிற்று. சாவியைத் திருப்பியதும் முதல் தடவையே பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. அவர் சின்னப் பையன்போலக் கை தட்டினார். அவளைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன். நீ போய் உக்காரு. மொத சவாரி."

எஞ்சினை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

அவள் இடது கதவைத் திறந்தாள். புது ரெக்சின் வாசனை. உட்கார்ந்தாள். சாய்ந்தாள். சரசரவென்று துணி உரசியது.

பொருந்தியது. தோள் தோளில் உட்கார்ந்தது, இடுப்பு இடுப்பில். பிறந்ததிலிருந்து இத்தனை கச்சிதமான ஒன்றில் அவள் சாய்ந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். இது என் இடம். பக்கத்தில் அவர். இனி எவளும் இல்லை. அத்தனை மாதத்து எரிச்சலும் அடங்கி, நெஞ்சு லேசாகி, அழுகை வரும்போல இருந்தது.

மூச்சை நன்றாக இழுத்துவிடலாம் என்று பார்த்தாள். பாதிக்கு மேல் நெஞ்சு விரியவில்லை.

இறுக்கமாகத்தான் தைத்துவிட்டேன் என்று நினைத்தாள்.

நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள். முதுகு வரவில்லை. கையைத் தூக்கினாள். எழவில்லை. தூக்கச் சொன்னாள், கை அங்கேயே கிடந்தது. தொடைமேல் இருந்த கையா, ரெக்சினா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே சூடு. கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாக ஏதோ குத்தியது. வரிசையாக. ஒரே இடைவெளியில்.

தையல்.

அவளுடைய தையல்.

கத்தினாள். சத்தம் வாய்வரை வந்து, துணியில் பட்டதுபோல நின்றது.

உள்கண்ணாடி திரும்பியது. யாரும் தொடவில்லை. மெதுவாகத் திரும்பிக் கதவைக் காட்டி நின்றது. தையல் அறைக் கதவு. அதற்கு அந்தப் பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம், மெஷின் ஓட ஆரம்பித்தது.

கடகடகடவென்று. நின்றது. மறுபடியும்.

பிறகு செருப்புச் சத்தம். அவர்தான். அவர் வந்துவிட்டார். என்னங்க. என்னங்க.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். குனிந்து காருக்குள் பார்த்தார். அவள் கண்ணை நேராகப் பார்த்தார். அவள் எல்லா பலத்தையும் கூட்டி அவரைப் பார்த்தாள்.

"எங்க போனா இவ?" என்றார்.

கையை நீட்டினார். அவள் தோளைத் தொட்டார். தடவினார். நாலு மாதமாக அவள் ஏங்கிய கை. "தச்சிருக்கா பாரு, அம்சமா," என்று முனகினார். "வெதுவெதுன்னு இருக்கே."

நான்தாங்க.

"ஏம்மா! வரியா?" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மெஷின் நின்றது.

"வரேங்க."

அவள் குரல். அச்சாக அவள் குரல்.

கண்ணாடியில் கதவு திறந்தது. சின்ன உருவமாக ஒருத்தி நிலையில் நின்றாள். கழுத்தில் டேப். நீலப் பூப்போட்ட சட்டை, ஒரு பக்கத் தோளிலிருந்து வழிந்து நின்றது. பதினாலரைக்குத் தைத்த சட்டை. பதிமூன்று அளவுத் தோள்.

அவர் நிலையில் நின்றவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நிமிஷம் அவர் நெற்றி சுருங்கியது. இப்போது தெரிந்துவிடும், இப்போது.

"சட்ட என்னம்மா, தொளதொளன்னு?"

"இளைச்சுட்டேன் போலிருக்குங்க."

நெற்றி நேராயிற்று. "மிஷின்லயே கெடந்தா இளைக்காம என்ன. வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

அவள் நிலையைத் தாண்டி வரவில்லை. ஷெட்டுத் தரையில் ஒரு கால்கூட வைக்கவில்லை. கண்ணாடி வழியாக நேராக இடது சீட்டைப் பார்த்தாள். முகத்தில் பகை இல்லை. வருஷக்கணக்காகக் கால் மரத்து உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்ற களைப்பு மட்டும் இருந்தது.

"எனக்கு இந்த வண்டி வேணாங்க. வித்துடலாம்."

இல்லையென்று சொல்லுங்க. நாலு மாதம் உருகினீங்களே. இல்லையென்று சொல்லுங்க.

அவர் அவளிடம் நடந்து போனார். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த நூல்பிசிறைக் குனிந்து ஊதிவிட்டார்.

"உனக்கு வேணாம்னா எனக்கு எதுக்கு சிட்டு," என்றார்.

திரும்பி வந்து தார்ப்பாயை உதறினார். அது மூக்கிலிருந்து தொடங்கி, முன்கண்ணாடியை மூடி, கூரையை மூடி, கதவுவரை இறங்கியது. வெளிச்சம் ஒரு கோடாக மட்டும் மிஞ்சியது. அந்தக் கோட்டில் உள்கண்ணாடி இன்னொரு முறை திரும்பி இடது சீட்டைக் காட்டியது. புதுக் கறுப்பு ரெக்சின், சுத்தமான தையல். அதில் யாரும் இல்லை. முதுகு சாய்கிற இடத்தில் பதினாலரை இஞ்சுக்கு ஒரு பள்ளம் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.